கிரியற்றினின் 0.9: ஒட்டுசுட்டான் பக்கத்து நோயாளியும் ஒலிவர் றோங்கின் அளவுகோலும்

நோயாளி நாற்பது வயதைக் கடந்த பெண். ஊர் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. மழைக்கு நெல்லும் மற்றக் காலத்தில் கச்சானும் உழுந்தும் போடுகிற குடும்பம். முதல் நாள் பகல் முழுக்க வெயிலில் கச்சான் பிடுங்கிவிட்டு, இரவு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு, நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். விடியப்புறம் எழும்பப் பார்த்தால் இரண்டு காலும் வரவில்லை. (யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் கை வைக்கவில்லை.)

"விடிய எழும்புவம் எண்டு பார்த்தா கால் ரெண்டும் என்ர கால் மாதிரியே இல்லை டொக்டர். தூக்கேலாமக் கிடக்கு" என்றார். கணவருக்கு வேறு பயம். பாயை உதறி, டோர்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டுத்தான் ஓட்டோ பிடித்திருக்கிறார். "பாம்பு ஏதும் தீண்டியிருக்குமோ டொக்டர்?"

வன்னியில் இது மிகச் சரியான கேள்வி. நிலத்தில் படுத்தவர், இரவு, வலியில்லை, விடிய உடம்பு இயங்கவில்லை என்றால் முதலில் நினைக்க வேண்டியது எட்டடி விரியனைத்தான். அதன் கடியில் பல்லடையாளமே தெரியாமல் போகும். ஆனால் அந்த விஷம் மேலிருந்து கீழே இறங்கும். முதலில் இமை தொங்கும், பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் கடைசியில்தான். இவருக்கு எல்லாம் தலைகீழாக இருந்தது. இமை நன்றாகத் திறந்தது, கண் எல்லாப் பக்கமும் ஓடியது, பேச்சில் குழறல் இல்லை. தொடையிலும் இடுப்பிலும் தசைப் பலம் ஐந்துக்கு ஒன்று, கையில் மூன்று. உணர்ச்சி முழுதாக இருந்தது. முழங்கால் தட்டினால் அசைவு வரவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னபோது தூக்க முடியவில்லை. எனக்குக் கவலை தந்தது காலல்ல, அந்தக் கழுத்துத்தான். கழுத்தை மடக்கும் தசை தளர்ந்தால் மூச்சுத் தசையும் பின்னால் வரலாம். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னோம். பதினொன்றில் நின்றார்.

ஈசிஜியில் ரீ அலை தட்டையாகி, அதன் பின்னால் யூ அலை எழும்பியிருந்தது. இரத்த முடிவு வரும்முன்பே பொட்டாசியம் என்று அது சொல்லிவிட்டது. முடிவு வந்தபோது பொட்டாசியம் 1.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

பொட்டாசியம் குறைந்து கைகால் விழுவதற்குக் காரணங்கள் பல. வயிற்றோட்டம், தைரொயிட், குடும்பத்தில் ஓடும் சில வகைகள், எட்டடி விரியன் கடிகூடச் சிலரில் பொட்டாசியத்தை இறக்கும். பிரிப்பது மற்ற எண்கள்தான். சோடியம் 139, குளோரைட்டு 114, அமிலத்தை அடக்கும் காரமான பைகாபனேற்று 13. தமனி இரத்தத்தின் பீஎச் 7.20 (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூட என்று அர்த்தம்). கிரியற்றினின் 0.9.

கணவர் அந்தக் கடைசி எண்ணை மட்டும் கேட்டார். சிறுநீரகம் வடிகட்டிக் கழிக்கும் கழிவான கிரியற்றினின் என்ற சொல் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இன்றைக்கு வீட்டுப் பேச்சு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டுகொள்ளப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத அந்த நாட்பட்ட சிறுநீரக நோய் வன்னியின் தெற்கு விளிம்பையும் தொட்டுவிட்டது. எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் சோதித்திருப்பார். "0.9 எண்டா கிட்னி நல்லாத்தானே கிடக்கு? நாங்கள் ஆர்ஓ தண்ணிதான் குடிக்கிறம்" என்றார். பாதி சரி. வடிகட்டுகிற வேலை நன்றாகத்தான் நடக்கிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு வேலை அது ஒன்றல்ல.

இரண்டு வேலையையும் பிரித்துப் பார்க்கலாம், ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருக்கலாம் என்பதை நோயாளியின் கட்டிலருகே வைத்து அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஒலிவர் றோங். 1925இல் ஒக்ஸ்போர்டில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர். வாட்டில் நாம் இன்றைக்கும் சொல்கிற 'சலத்தின் (சிறுநீரின்) பீஎச் 5.3' என்ற கோடு அவர் போட்டது.

கோட்டுக்குப் போகமுன் கணக்கு. நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து உடம்பில் ஒவ்வொரு நாளும் கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் அமிலம் சேரும். இந்தப் பெண்ணின் எடை 46 கிலோ. ஆகவே நாளுக்கு 46 மில்லிமோல். இது மூச்சில் போகாது, சலத்தில்தான் போக வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு முக்கினாலும் சலத்தை பீஎச் 4.5க்குக் கீழே கொண்டுபோக முடியாது. அந்த அளவில் ஒரு லீற்றர் சலத்தில் தனியாக இருக்கும் ஐதரசன் அயன் வெறும் 0.03 மில்லிமோல். அப்படியே கழிப்பதானால் நாளுக்கு ஆயிரத்து நானூறு லீற்றருக்கு மேல் சலம் போக வேண்டும்! நடக்கிற காரியமில்லை. அதனால் அமிலம் வேறொன்றில் ஏறித்தான் வெளியே போகிறது. ஒரு பங்கு பொஸ்பேற்றில், பெரும்பங்கு சிறுநீரகமே செய்யும் அமோனியாவில். அமிலம் கூடினால் பொஸ்பேற்றைக் கூட்ட வழியில்லை. அமோனியாவைச் சில நாளில் பல மடங்கு கூட்டலாம்.

சிறுநீரகத்தின் நுண்குழாய் தானாகவே ஐதரசன் அயனைச் சுரக்கிறது என்பதை றொபேட் பிற்ஸ் 1945இல் நாய்களில் நிறுவியிருந்தார். அதற்கும் முன்னால், 1930களின் நடுவில், சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்து இரத்தம் அமிலமாகி வாடிய குழந்தைகளை லைற்வுட்டும் பட்லரும் விவரித்தார்கள். 1946இல் ஓல்பிறைற் பெரியவர்களில், எலும்பு மெலிந்த நோயாளிகளில், இதையே எழுதினார். உடலியங்கியல் ஒரு பக்கம், நோய் விவரிப்பு இன்னொரு பக்கம் கிடந்தது. நடுவில் ஓர் அளவுகோல் இல்லை.

றோங் இந்த இடத்துக்கு வந்த வழி நேர்வழி அல்ல. 1950களின் தொடக்கத்தில் பொஸ்டனில், அலெக்சாண்டர் லீஃபும் பிறெடெறிக் பாற்றரும் இருந்த குழுவில், தண்ணீரைத் தேக்கும் ஓமோன் கொடுத்தால் ஏன் சோடியம் சலத்தில் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓமோன் நேரடியாகப் போக்குவதில்லை, தேங்கிய தண்ணீர்தான் போகவைக்கிறது என்று 1953இல் அவர்கள் வெளியிட்டார்கள். சோடியம் குறைந்த நோயாளிக்கு முதலில் தண்ணீரைக் கட்டுப்படுத்து என்று நாம் இன்று எழுதுவதன் வேர் அதில் இருக்கிறது. இங்கிலாந்து திரும்பிய பிறகு அமிலத்தைக் கையில் எடுத்தார். 1959இல் எச். ஈ. எஃப். டேவிசுடன் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரைதான் அவர் பெயரை நிறுத்தியது.

செய்தது எளிமையானது. உடல் எடை கிலோவுக்கு 0.1 கிராம் அமோனியம் குளோரைட்டை விழுங்கக் கொடுப்பது. ஈரல் அதை உடைக்கும்போது அமிலம் மிஞ்சும். பிறகு மணிக்கு மணி சலத்தை எடுத்து மூன்றை அளப்பது: பீஎச், பொஸ்பேற்றில் ஏறிய அமிலம், அமோனியம். சுகதேகிகளின் சலம் சில மணி நேரத்தில் 5.3க்குக் கீழே இறங்கியது. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் பீஎச் இறங்கியது. ஆனால் அமோனியம் மிகக் குறைவு, ஏனென்றால் செய்வதற்குச் சிறுநீரகத்திகள், அதாவது சிறுநீரகத்தின் சிறு வேலை அலகுகள், மிஞ்சவில்லை. மூன்றாவது கூட்டத்தில் வடிகட்டல் பெரிதாகக் கெடவில்லை, ஆனால் எவ்வளவு அமிலம் ஏற்றினாலும் பீஎச் இறங்கவில்லை. அது சிறுநீரக நுண்குழாய் அமிலமயம்.

இதோடு நின்றிருந்தால் ஒரு நல்ல பரிசோதனை என்ற அளவில் போயிருக்கும். அவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். இரத்தத்தில் அமிலம் கூடாத, ஆனால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்த சிலருக்கும் அமோனியம் குளோரைட்டு கொடுத்தபோது சலத்தின் பீஎச் இறங்கவில்லை. நோய் முழுதாக வெளிவராத நிலை. வழமையான இரத்தப் பரிசோதனையில் இவர்கள் அகப்படவே மாட்டார்கள். அடிக்கடி கல்லுப் போகிறவர்களில் இவர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று இன்று நமக்குத் தெரிவது அதனால்தான். என்னைக் கேட்டால், அந்தக் கட்டுரையின் பெறுமதி 5.3ஐவிட இதில் அதிகம்.

சரி, நம் நோயாளிக்கு வருவோம். அமோனியம் குளோரைட்டு இவருக்குத் தேவையே இல்லை, கொடுத்தால் ஆபத்து. பீஎச் 7.20 உள்ள உடம்பு தன் பரிசோதனையைத் தானே நடத்திக்கொண்டிருக்கிறது. பார்க்க வேண்டியது சலத்தை மட்டும். பத்துக் கட்டம் உள்ள சாதாரணச் சலப் பட்டியை எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் காணலாம். புரதம், சீனி, இரத்தம் என்ற கட்டங்களைப் பார்த்துவிட்டுக் குப்பையில் போடுவது வழக்கம். அதில் பீஎச் கட்டமும் ஒன்று உண்டு. இவருடைய பட்டி பச்சையாக மாறி 7ஐக் காட்டியது. இரத்தம் அமிலத்தில் மிதக்கிறது, சலத்தில் அமிலமே இல்லை.

இரண்டு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். சலம் புதிதாக இருக்க வேண்டும். மேசையில் கிடந்து பழசான சலத்தில் சில கிருமிகள் யூரியாவை உடைத்து பீஎச்சை ஏற்றிவிடும். சலத்தில் தொற்று இருந்தாலும் அதேதான். மற்றது, சலத்தில் சோடியம் மிகக் குறைந்து போயிருந்தால் நல்ல சிறுநீரகமும் அமிலத்தைச் சுரக்கத் திணறும். இவருக்குத் தொற்று இல்லை. சலத்தில் சோடியம் 48, பொட்டாசியம் 32, குளோரைட்டு 58. முதல் இரண்டையும் கூட்டிக் குளோரைட்டைக் கழித்தால் கூட்டல் 22 வருகிறது. அமோனியம் நன்றாகப் போகும்போது அதோடு குளோரைட்டும் போகும், விடை கழித்தலில் வரும். வயிற்றோட்டத்தில் பைகாபனேற்று இழந்தவருக்கு அப்படித்தான் வர வேண்டும். இங்கே கூட்டல், ஆக அமோனியம் போகவில்லை. இரத்தத்தில் 1.9 மட்டும் இருக்கையில் சலத்தில் 32 பொட்டாசியம் வீணாகப் போகிறது. ஓட்டை சிறுநீரகத்தில்தான்.

தமனி முடிவில் இன்னோர் எண் இருந்தது. காபனீரொட்சைட்டு அழுத்தம் 34. வழமை 35 முதல் 45. பார்த்தால் கிட்டத்தட்டச் சரி போலத் தோன்றும். ஆனால் பைகாபனேற்று 13 ஆக இருக்கும்போது மூச்சு வேகமாகி அது எவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பைகாபனேற்றை ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டினால் 27.5. இரண்டு கூடலாம், குறையலாம். இவருக்கு 34 என்றால் மூச்சுத் தசை தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பதினொன்றில் நின்ற எண்ணிக்கையும், தூக்க முடியாத கழுத்தும், இந்த 34உம் ஒரே செய்தி. கட்டிலைத் தாதிமார் மேசைக்குப் பக்கத்தில் போட்டு, செயற்கைச் சுவாசத்துக்கு ஆயத்தமாக வைத்தோம்.

சிகிச்சையில் வரிசை மாறினால் ஆள் போய்விடும். 7.20ஐக் கண்டதும் கை தானாக பைகாபனேற்றுக் குப்பிக்குப் போகும். அதை முதலில் ஏற்றினால் இருக்கிற கொஞ்சப் பொட்டாசியமும் கலத்துக்குள் ஓடிவிடும், மூச்சு நின்றுவிடும். குளுக்கோஸ் சேலைனும் அதேபோல்தான். இன்சுலின் எழும்பிப் பொட்டாசியத்தை உள்ளே தள்ளும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடியப்புறம் இவர் விழுந்ததும் இதனால்தான். வேலை செய்து களைத்த உடம்பு, மேலே ஒரு கோப்பை சோறு. ஆக வெறும் சோடியம் குளோரைட்டுச் சேலைனில் பொட்டாசியம், ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே, மணிக்கு 10 முதல் 20 மில்லிமோல். வாயாலும் சேர்த்துக் கொடுத்தோம். பின்னேரம் 2.6. அடுத்த நாள் விடிய 3.1, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் பைகாபனேற்றுக் குளிசை.

அடுத்த கேள்வி, ஏன்? சிறு வயதிலிருந்து இருந்தால் பரம்பரை. இவருக்குச் சில வருடங்களாகத்தான். விசாரித்தால் துண்டு துண்டாக வந்தது. இரண்டு தடவை கல்லுப் போயிருக்கிறது. நாரி நோ நெடுக. சோறு தொண்டையில் இறங்க ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி வேண்டும். பல்லில் பாதி கறுத்துச் சொத்தையாகி விழுந்துவிட்டது. அந்தப் பழியை வெற்றிலையில் போட்டுவிட்டார்கள். கண்? "மண் விழுந்த மாதிரித்தான் டொக்டர், எப்பவும். வயல் வேலை எண்டா அப்பிடித்தானே?" கீழிமையில் கொளுவிய கடதாசித் துண்டு ஐந்து நிமிடத்தில் 3 மில்லிமீற்றர்தான் நனைந்தது. 5க்குக் குறைந்தால் வறட்சி. கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தில் றோ எதிர்ப்பொருள் இருந்தது. கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை உடம்பே தாக்கும் சோக்ரன் நோய். நடுவயதுப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் வரும் நுண்குழாய் அமிலமயத்துக்கு முதலில் தேட வேண்டிய காரணம் அது. அதே தாக்குதல் சிறுநீரகச் சேகரிப்புக் குழாயில் அமிலம் சுரக்கும் கலங்களையும் முடக்கிவிடுகிறது.

ஸ்கானில் இரண்டு சிறுநீரகத்தின் உட்பகுதியும் வெள்ளை வெள்ளையாக மின்னியது. கழிக்க முடியாத அமிலத்தை எலும்பு தன் காரத்தைக் கொடுத்து அடக்குகிறது, கல்சியம் சலத்துக்கு வருகிறது. கல்லைத் தடுக்கும் சிற்றேற்றை நுண்குழாய் முழுதாக உறிஞ்சிவிடுகிறது. சலமோ காரமாகவே இருக்கிறது. கல்சியம் பொஸ்பேற்று படிய இதைவிட வசதியான இடம் கிடையாது. நாரி நோவும் கல்லும் கால் விழுந்ததும் மூன்று வருத்தமல்ல.

ஒலிவர் றோங் 1969இல் டண்டீயில் மருத்துவப் பேராசிரியரானார், 1972 முதல் லண்டன் யுனிவேசிற்றி கொலிஜ்ஜில் இருந்தார், 1990இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகுதான் அவருடைய நோயாளிகள் மறுபடி பேசினார்கள் என்று சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளாக வைத்திருந்த குடும்பங்களின் இரத்தத்திலிருந்து, 1997இல், பரம்பரை நுண்குழாய் அமிலமயத்தின் ஒரு வகைக்குக் காரணம் செங்குருதிக் கலத்திலும் இருக்கும் ஒரு கடத்திப் புரதத்தின் மரபணு என்று பிறிஸ்டல் குழுவோடு சேர்ந்து காட்டினார். குளோரைட்டையும் பைகாபனேற்றையும் ஒன்றுக்கொன்று மாற்றும் புரதம் அது. அதே மரபணுவின் வேறு மாற்றங்கள் தாய்லாந்து, மலேசியா, பப்புவா நியூகினி பக்கங்களில் வேறு வடிவில் இந்த நோயைத் தருகின்றன. வடகிழக்குத் தாய்லாந்தில் நுண்குழாய் அமிலமயமும் பொட்டாசியம் குறைந்து கைகால் விழுவதும் ஊர் வருத்தம் என்று சொல்லும் அளவுக்கு இருப்பது நெடுநாளாகத் தெரிந்தது. 1994இல், சார்ல்ஸ் டென்ற் முப்பது வருடத்துக்கு முன் விவரித்த பையன்களின் நோயை விரித்தெழுதி அதற்கு டென்ற்றின் பெயரையே வைத்தார். தன் பெயரை எதற்கும் ஒட்டிக்கொள்ளவில்லை.

அமோனியம் குளோரைட்டில் ஒரு தொல்லை: குமட்டும். பாதிப் பேர் வாந்தி எடுத்தால் பரிசோதனை எங்கே? 2007இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, தன் சொந்தப் பரிசோதனைக்கு மாற்றாக புரோசமைட்டும் புளூட்றோகோட்டிசோனும் சேர்த்துக் கொடுக்கும் முறையை முன்வைத்த கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது. கிளினிக்கில் செய்யக்கூடியது அது. 2012இல் காலமானார்.

வன்னிக்கு இதில் என்ன? காரணம் முடிவாகாத அந்த நாட்பட்ட நோயும் நுண்குழாயிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான் தொடங்குகிறது. தொடக்கத்தில் புரதம் அதிகம் போகாது, கிரியற்றினின் பிந்தித்தான் ஏறும். கிணற்று நீரின் புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, விவசாய நஞ்சு, வெயிலில் உடம்பு வற்றுவது என்று பலதும் சொல்லப்படுகிறது. இந்தப் பெண்ணின் நோய் அதுவல்ல. ஆனால் கிளினிக்கில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருப்பார்கள், இரண்டு பேருக்கும் ஒரே சோடியம் பைகாபனேற்றுக் குளிசைதான் கிடைக்கும். ஒருவருக்கு அமோனியா செய்யச் சிறுநீரகத்திகள் போதவில்லை; அவருக்குப் பொட்டாசியம் ஏறலாம், இளநீரைக் குறைக்கச் சொல்ல வேண்டும். மற்றவருக்குப் பொட்டாசியம் சலத்தில் ஓடுகிறது. ஊருக்குப் போனதும் 'கிட்னி வருத்தம் எண்டா இளநி, வாழைப்பழம் குடுக்கக்கூடாது' என்று அயல்வீட்டுக்காரர் சொல்லி இவருக்கு அதை நிறுத்திவிட்டால்? நடந்ததே அதுதான். அடுத்த கிளினிக்கில் பொட்டாசியம் 2.9. கணவரையும் மகளையும் இருத்திவைத்து, அவர்கள் வீட்டு வருத்தம் வேறு, அயலில் உள்ள வருத்தம் வேறு என்று விளக்க வேண்டியிருந்தது.

இப்போது நாளுக்கு 4 கிராம் சோடியம் பைகாபனேற்று, அதாவது 48 மில்லிமோல், நான்காகப் பிரித்து. பொட்டாசியம் சிற்றேற்று கிடைத்தால் அதுவே சிறந்தது, காரமும் பொட்டாசியமும் ஒன்றாக வரும். கிடைக்காத மாதங்களில் பொட்டாசியம் குளோரைட்டுத் தனியாக. கடைசி முடிவில் பைகாபனேற்று 21, பொட்டாசியம் 3.7, கிரியற்றினின் அதே 0.9. நாரி நோ குறைந்திருக்கிறது. படிந்த சுண்ணாம்பு கரையாது, கூடாமல் பார்ப்பதுதான் வேலை. கண்ணுக்குச் சொட்டு மருந்து, பல்லுக்குப் பல் வைத்தியர், சோக்ரனுக்கு வாதநோய்க் கிளினிக்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மகளிடம் கைபேசியில் அதன் படமும் இருக்கிறது: 'சிறுநீரக நுண்குழாய் அமிலமயம். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால், கால் பாரமாக இருந்தால், உடனே ஈசிஜியும் பொட்டாசியமும். குளுக்கோஸ் சேலைன் வேண்டாம். பொட்டாசியம் ஏற்றியபின் பைகாபனேற்று.' இரவில் யார் டியூட்டியில் இருந்தாலும் வாசிக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அதே வரிகள் கீழே.